அச்சோடு பயணிக்கும் கிருமி

திருவண்ணாமலையின் அண்டை மாவட்டத்திலுள்ள வாணியம்பாடியில் 2023-இல் ஒரு பல் சிகிச்சையகத்தோடு தொடர்புடைய மூளைத் தொற்றால் எட்டுப் பேர் இறந்ததும், தூய்மையற்ற கருவியால் திறந்த சலைன் புட்டியே அதற்கு வழியாயிருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதியதும் தெரிந்த பின்னரும், பல்வரிசையின் வடிவைப் பதிக்கும் அச்சுகள் எச்சிலும் குருதியும் படிந்தபடியே பல்செட் செய்யும் கூடங்களுக்கு அனுப்பப்படுமானால், அது பொறுக்கத்தக்கதன்று.

அச்சை ஓடும் நீரில் கழுவுவது முதற்படிதான். அதன்பின் சோடியம் ஹைப்போகுளோரைட் போன்ற கிருமிநாசினி தேவை. ஆனால் கடற்பாசியிலிருந்து பெறப்படும் ஆல்ஜினேட் அச்சு நீரை உறிஞ்சி உப்பக்கூடியதாகையால், நெடுநேரம் ஊறவைத்தால் அளவு மாறிப் பல்செட் பொருந்தாது. பத்து நிமிடத்தைத் தாண்டாதிருப்பதே நல்லது. சிலிக்கோன் அச்சுகளுக்கு இக்கவலை குறைவு.

நோயாளியைக் காணாமலே அவரது எச்சிலைத் தொட நேரும் தொழில்நுட்பருக்காக, பயன்படுத்திய கிருமிநாசினியையும் நேரத்தையும் குறித்த சீட்டு அச்சை அனுப்பும் ஒவ்வொரு பையிலும் ஒட்டப்படுவதைத் திருவண்ணாமலை மாவட்டச் சுகாதாரத் துறை கட்டாயமாக்க வேண்டும்.