பெண்ணுக்கு எந்த 'பிளான்'?

உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் வைகுண்டப் பெருமாளைச் சேவித்த கையோடு கோயில் சுவரையும் ஒரு முறை சேவித்துவிட்டுத்தான் திரும்புவார்கள். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுக்கள் அங்கே இருக்கின்றன. ஊர்ச் சபைக்கு ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அவற்றில் விவரமாகச் சொல்லியிருக்கிறது. 30 குடும்புகளிலும் தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட வேண்டியது. விவரம் அறியாத ஒரு சிறு பிள்ளையைக் கூப்பிட்டு ஓலையை எடுக்கச் சொல்ல வேண்டியது. யார் பெயர் வருகிறதோ அவர் வாரியத்துக்குப் போக வேண்டியது.

நான் அண்மையில் அந்தப் பக்கம் போனது கல்வெட்டுப் படிக்க அல்ல. உத்திரமேரூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் நண்பர் ஒருவர் இருக்கிறார். நெல் பயிரிடுகிறவர். "பெரிய விவகாரம் ஒன்று இருக்கிறது. நீங்கள் வந்துதான் தீர்த்துவைக்க வேண்டும்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். வரப்புத் தகராறாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன். போன பிறகுதான் தெரிந்தது, விவகாரம் ஒரு செல்போனைப் பற்றியது என்று!

நண்பரின் பெண் உள்ளூர்ப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பை முடித்துவிட்டு, உத்திரமேரூரில் ஆறாம் வகுப்பில் சேர்ந்திருக்கிறாள். தினமும் பஸ்ஸில் போய் வர வேண்டும். சேர்ந்த மூன்றாவது வாரம், ஒரு சாயங்காலம் வழக்கமான பஸ் வரவில்லை. மழை வேறு. மணி ஆறாயிற்று, ஏழாயிற்று. நண்பர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒரு சாலை வழியாகத் தேடிப் போனார். அதே நேரத்தில் அக்கம்பக்கத்துக்காரர் ஒருவர் பெண்ணை வேறு சாலை வழியாக வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். பெண் வீட்டுக்கு வந்து அரை மணி கழித்துத்தான் தகப்பனாருக்குச் சேதி தெரிந்தது. அதற்குள் பாட்டி அம்மனுக்கு மாவிளக்கு நேர்ந்துகொண்டு விட்டாள்.

"பிள்ளைக்கு ஒரு போன் வேண்டும்" என்று அன்றிரவே தீர்மானமாயிற்று. ஆனால் எந்தப் போன், எந்தப் பிளான் என்பதில் வீடு நாலு கட்சியாகப் பிரிந்துவிட்டது.

செங்கல்பட்டில் வேலையாயிருக்கும் தாய்மாமன் பெரிய போன் கட்சி. "பாடப் புத்தகத்திலேயே கட்டம் கட்டமாக அச்சடிச்சிருக்கான், மாமா. அதைப் போன்ல காட்டினாத்தான் பாடம் வரும்" என்பது அவர் வாதம். அதில் உண்மையும் உண்டு. 2018-ல் வந்த புதிய பாடப் புத்தகங்களிலிருந்து அந்தக் க்யூ.ஆர். கட்டங்கள் இருக்கின்றன. தகப்பனார், "போன் கொடு, டேட்டா கொடுக்காதே" கட்சி. தாயார், "எதுவானாலும் செலவைச் சொல்லுங்கள்" கட்சி. பாட்டியோ, "ஒரு எழவும் வேணாம், நானே போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கேன்" என்கிற கட்சி. ரீசார்ஜ் கடைக்காரத் தம்பி யாரும் கேளாமலே ஐந்தாவது கட்சியாகச் சேர்ந்துகொண்டார். "299 போட்டுடுங்கண்ணே, எல்லாரும் அதைத்தான் போடறாங்க!"

சரி, முதலில் தாயாருக்குப் பதில் சொல்லலாம் என்று காகிதமும் பென்சிலும் கேட்டு வாங்கினேன்.

கல்வெட்டுக் காலத்தில் வாரியப் பெருமக்களுக்கு 360 நாள் பதவி. அதுதான் ஒரு வருஷம். செல்போன் கம்பெனிகளின் மாதத்துக்கோ 28 நாள்தான். ஆகையால் வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதமல்ல, பதின்மூன்று! 2024 ஜூலையில் கட்டணங்களை உயர்த்தியபோது, நாளைக்கு ஒன்றரை ஜி.பி. தரும் ஜியோவின் 28 நாள் பிளான் 239 ரூபாயிலிருந்து 299 ஆயிற்று. பதின்மூன்று தடவை போட்டால் 3,887 ரூபாய்.

பேச மட்டும் போன் போதும் என்கிறவர்கள் வேண்டாத டேட்டாவுக்கும் சேர்த்தே பணம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இதைக் கண்ட தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், 2024 டிசம்பரில் ஒரு விதி செய்தது. பேச்சுக்கும் எஸ்.எம்.எஸ்.ஸுக்கும் மட்டுமான பிளான் ஒன்றை ஒவ்வொரு கம்பெனியும் தர வேண்டும். அதன் கெடு 365 நாள் வரையில் இருக்கலாம். அதன்படி 2025 ஜனவரியில் ஏர்டெல் 84 நாளுக்கு 469 ரூபாய், 365 நாளுக்கு 1,849 ரூபாய் என்று வைத்தது. ஜியோ 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748 என்று வைத்தது. கட்டணங்கள் அடிக்கடி மாறுகிறவை. ஆகவே வாங்கும் நாளில் விசாரித்துக்கொள்ள வேண்டும். ஆனால், "பேச மட்டும் உள்ள பிளான் எது?" என்று நாமாகக் கேட்டால்தான் கடையில் அதைச் சொல்வார்கள்.

1,849-ஐ 365-ஆல் வகுத்தேன். நாளைக்கு ஐந்து ரூபாய்ச் சொச்சம். 299-ஐ 28-ஆல் வகுத்தேன். பத்தரை ரூபாய்க்கு மேல். வருஷத்தில் வித்தியாசம் 2,038 ரூபாய். தாயார் முகத்தில் தெளிவு பிறந்தது.

"நான் சொன்னேனே, டேட்டா வேண்டாமென்று!" என்றார் நண்பர் வெற்றியோடு. "நாளைக்கு ஒன்றரை ஜி.பி. என்றால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வீடியோ பார்க்கலாமாமே? பிள்ளை எப்போது படிப்பாள்?"

எனக்குக் கல்வெட்டு ஞாபகம் வந்தது. ஊர்ச் சபைக்கு நிற்பதற்கு வயது, நிலம், வீடு எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. அவற்றோடு கண்டிப்பான விதி ஒன்றும் உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவன் மட்டுமல்ல, அவனுடைய உறவினர்கள் பெயரையும் இடக்கூடாது!

"உங்கள் போனைக் கொஞ்சம் கொடுங்கள். கணக்குப் பார்க்கலாம்" என்றேன். யார் எத்தனை நேரம் பார்த்தார் என்று போனே கணக்கு எழுதி வைத்திருக்கிறதே! திறந்து பார்த்தால், முந்திய நாள் மட்டும் மூன்று மணி நாற்பது நிமிஷம். நண்பர் உத்தரத்தைப் பார்த்தார். தாய்மாமன் தம் போனை மெதுவாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். பாட்டிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இத்தனை பேச்சுக்கும் நடுவில், போன் யாருக்காகவோ அவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கதவோரம் நின்றுகொண்டிருந்த பெண்ணைக் கூப்பிட்டேன்.

"அன்னிக்கு பஸ் ஸ்டாண்டில் எத்தனை பேரிடம் போன் இருந்தது, அம்மா?"

"எல்லார் கிட்டயும் இருந்துது, மாமா."

"பின்னே யாரிடமாவது கேட்டு வாங்கி அப்பாவோடு பேசியிருக்கலாமே?"

"கேட்டேன், மாமா. ஒரு அக்கா குடுத்தாங்க. நம்பர் சொல்லுன்னாங்க. எனக்குத் தெரியலை."

வீடு நிசப்தமாகிவிட்டது. தாயார், "எனக்கே இவர் நம்பர் தெரியாதே. போனில் பெயரை அமுக்கித்தானே பேசுகிறேன்" என்றார். நண்பருக்கும் மனைவியின் எண் தெரியவில்லை. ஊர் முழுதும் போன் இருந்தும், பத்து இலக்கம் மனத்தில் இல்லாததால் ஒரு குழந்தை மழையில் நின்றிருக்கிறது.

பிறகு பேச்சு சுலபமாயிற்று. முடிவானவற்றைச் சொல்கிறேன், வாசகர்களுக்கும் பயன்படலாம்.

பெண்ணுக்குப் பட்டன் போன். பேச மட்டுமான வருஷப் பிளான். பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது; ஆகையால் போனையும் சிம்மையும் பொருத்தம் பார்த்தே வாங்க வேண்டும். வாங்குமுன், வீட்டிலும் பஸ் நிறுத்தத்திலும் எந்தக் கம்பெனியின் சிக்னல் கிடைக்கிறது என்று நடந்து பார்க்க வேண்டும். சிக்னல் இல்லாத இடத்தில் எத்தனை மலிவான பிளானும் வீண்தான்.

சிம்மைத் தாயார் பெயரில் வாங்குவது. பதினெட்டு வயது நிரம்பாதவர் பெயரில் சிம் கொடுக்கமாட்டார்கள். ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்பு வரையில்தான் இருக்கலாம். தம் பெயரில் எத்தனை இருக்கின்றன என்பதை மத்திய அரசின் 'சஞ்சார் சாத்தி'யில் பார்த்துக்கொள்ளலாம். பாங்குக் கணக்குக்கு அந்த எண்ணைக் கொடுக்கவே கூடாது. பணம் எடுக்கும் ஓ.டி.பி. குழந்தையின் புத்தகப் பையில் போய் விழுவானேன்?

புத்தகத்திலுள்ள கட்டங்களுக்குத் தகப்பனாரின் போன். சாயங்காலம் அரை மணி நேரம், கூடத்தில் உட்கார்ந்து, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க. அந்த அரை மணி நேரம் நண்பருக்குப் போன் கிடையாது. இதற்கு அவர் சம்மதித்ததுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். வகுப்பு வாட்ஸ்அப்பும் அதே போனில்தான். பதின்மூன்று வயதாகாத குழந்தை தனியே வாட்ஸ்அப் வைத்துக்கொள்வதை அந்தக் கம்பெனியே அனுமதிப்பதில்லை.

பள்ளிக்கூடத்தில் போன் கூடாது என்பார்கள். அது நியாயம். ஆகவே தாயார் நேரில் போய் வகுப்பு ஆசிரியையிடம் பேசுவது. பள்ளியில் வாங்கி வைத்துக்கொள்ள முடியாதென்றால், பஸ் நிலையத்தருகே தெரிந்தவர் கடையில் காலையில் கொடுத்துவிட்டு மாலையில் வாங்கிக்கொள்வது. ஒளித்து எடுத்துப் போகும் வேலை மட்டும் வேண்டாம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், காசில்லாத காரியம் ஒன்று. அப்பா எண், அம்மா எண், குழந்தைகளுக்கு உதவும் 1098, மூன்றையும் நெட்டுருப் பண்ணுவது. போன் நனையலாம், தொலையலாம், சார்ஜ் இறங்கலாம். நெஞ்சில் உள்ள எண் எங்கும் போகாது.

கடைசி பஸ்ஸுக்கு நான் புறப்பட்டபோது பெண் திண்ணையில் உட்கார்ந்து வாய்ப்பாடு மாதிரி எண்களை ஒப்பித்துக்கொண்டிருந்தாள். ஏழாவது இலக்கத்தில் ஒரு தடவை தடுமாறினாள்.

உள்ளேயிருந்து பாட்டிதான் எடுத்துக்கொடுத்தாள்.