வாடகை வீட்டைப் பார்க்கப் போன பஸ் செலவு... வரியில் கழியுமா?

சென்னையில் இரவு பஸ் ஏறினால் விடியும்போது புதுக்கோட்டை. பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு, ஆட்டோ பிடித்து அப்பா கட்டிய வீட்டுக்குப் போக வேண்டும். தண்ணீர் மோட்டார் ஓடவில்லை என்று குடியிருப்பவர் மூன்று முறை போன் செய்துவிட்டார். எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, மாடியில் ஒழுகும் இடத்தைப் பார்த்து, கொத்தனாரிடம் பேசிவிட்டு மறுபடியும் இரவு பஸ். வருடத்துக்கு நான்கு நடை. நடைக்கு 3,000 ரூபாய் என்று வைத்தாலும் 12,000 ரூபாய் காலி.

வேலைக்காகச் சென்னை, கோவை, சிங்கப்பூர் என்று போய்விட்ட புதுக்கோட்டைக்காரர்கள் பலருக்கு இந்த அலைச்சல் பழக்கம்தான். ஜூலை மாதம் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய உட்காரும்போது ஒரு கேள்வி எழும். ‘வாடகை வருமானத்துக்கு வரி கேட்கிறார்களே, அந்த வாடகையை வாங்க அலைந்த செலவைக் கழிக்கக் கூடாதா?’

நியாயமான கேள்விதான். ஆனால், சட்டத்தின் பதில்: தனியாகக் கழிக்க முடியாது.

அந்த 30 சதவிகிதத்தில் எல்லாம் அடக்கம்

வீட்டு வாடகை, வருமான வரியில் ‘வீட்டுச் சொத்து வருமானம்’ என்ற தலைப்பில் வருகிறது. இதில் கணக்கு மிக எளிது. வருட வாடகையிலிருந்து உள்ளாட்சிக்குக் கட்டிய சொத்து வரியைக் கழிக்க வேண்டும். மிச்சத்தில் 30 சதவிகிதத்தைச் சட்டமே கழித்துக் கொடுத்துவிடும். அதன் பிறகு வீட்டுக் கடன் இருந்தால் வட்டி. அவ்வளவுதான்.

அந்த 30 சதவிகிதம்தான் பெயின்ட், பிளம்பர், புரோக்கர் கமிஷன், காப்பீடு, பஸ் டிக்கெட் எல்லாவற்றுக்குமான கழிவு. பில் வேண்டாம், ரசீது வேண்டாம். ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதவருக்கும் 30 சதவிகிதம். பாதி வாடகையைப் பழுதுபார்ப்புக்கே கொடுத்தவருக்கும் அதே 30 சதவிகிதம்.

முன்பெல்லாம் பழுதுபார்ப்பு, வாடகை வசூல், காப்பீடு என்று தனித்தனியாகக் கழித்துக்கொண்டிருந்தார்கள். 2001-ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் அதையெல்லாம் எடுத்துவிட்டு ஒரே கழிவாக மாற்றியது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் ‘வருமான வரிச் சட்டம், 2025’-லும் இந்த 30 சதவிகிதம் அப்படியே இருக்கிறது. பழைய வரி முறை, புதிய வரி முறை எதைத் தேர்ந்தெடுத்தாலும் வாடகைக்கு விட்ட வீட்டுக்கு இது கிடைக்கும்.

ஒரு கணக்கு பார்க்கலாம். மாத வாடகை 12,000 ரூபாய். வருடத்துக்கு 1,44,000. கட்டிய சொத்து வரி 4,000. மிச்சம் 1,40,000. இதில் 30 சதவிகிதம் 42,000. வரிக்கு உட்படும் தொகை 98,000 ரூபாய்.

பஸ் செலவு 12,000, மோட்டார், கொத்தனார் செலவு 8,000 என்றால், கையிலிருந்து போனது 20,000 ரூபாய். சட்டம் கழித்துக் கொடுத்தது 42,000. அதாவது, பயணச் செலவு ‘கிடைக்கவில்லை’ என்று வருத்தப்படுகிறவருக்கு, உண்மையில் செலவைவிட இரண்டு மடங்குக்கு மேலேயே கழிந்திருக்கிறது. பெரிய ரிப்பேர் வரும் வருடத்தில்தான் இந்தக் கணக்கு கையைக் கடிக்கும்.

சொத்து வரியில் மட்டும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வீட்டுக்காரர் கட்டியிருக்க வேண்டும். அந்த வருடத்திலேயே கட்டியிருக்க வேண்டும். பாக்கி வைத்த வரிக்குக் கழிவு கிடையாது. புதுக்கோட்டை 2024-ல் மாநகராட்சி ஆகிவிட்டது. அங்கே வீடு வைத்திருப்பவர்கள் ரசீதை இணையத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளலாம். அதற்காக ஒரு நடை போக வேண்டியதில்லை.

‘அமெரிக்காவில் கழிக்கிறார்களே?’

குழப்பம் பெரும்பாலும் இங்கிருந்துதான் வருகிறது. அமெரிக்காவில் வாடகை வீட்டை நிர்வகிக்கப் போகும் பயணத்துக்கு, உரிய ஆதாரம் இருந்தால் கழிவு உண்டு. அங்கே இருக்கும் மகனோ மருமகளோ சொல்ல, அல்லது ஒரு வீடியோவைப் பார்க்க, இங்கேயும் அப்படித்தான் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் முன்பு கழித்தார்கள். 2017 ஜூலை 1 முதல் சாதாரண வீட்டு உரிமையாளர்களுக்கு அதை நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு ஊர் சட்டம் வேறு.

வாடகையைக் குறைத்துக் காட்டினால்...

வரிக் கணக்குப் படிவத்தில் பயணச் செலவுக்குக் கட்டமே இல்லை. அதனால் சிலர் குறுக்கு வழி ஒன்றைப் பிடிக்கிறார்கள். 1,44,000 வாங்கிவிட்டு, செலவு போக ‘கைக்கு வந்தது’ 1,24,000 என்று வாடகையையே குறைத்து எழுதிவிடுகிறார்கள். ஏமாற்றும் எண்ணம்கூட இருக்காது. ஆனால், ஆபத்து இங்கேதான்.

குடியிருப்பவர் ஓர் ஆசிரியராகவோ வங்கி ஊழியராகவோ இருக்கலாம். பழைய வரி முறையில் அவர் வீட்டு வாடகைப் படிக்கு விலக்கு கேட்கும்போது, வருட வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரரின் பான் எண்ணைக் கொடுக்க வேண்டும். அவர் 1,44,000 என்று எழுதுவார். வீட்டுக்காரர் 1,24,000 என்று எழுதுவார். இரண்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும், நோட்டீஸ் வரலாம். குறைத்துக் காட்டிய வருமானத்துக்கான வரியில் 50 சதவிகிதம் அபராதம். தவறான தகவல் என்று முடிவானால் 200 சதவிகிதம். ஏற்கெனவே இப்படித் தாக்கல் செய்தவர்கள், நோட்டீஸ் வருவதற்கு முன் கணக்கைத் திருத்தித் தாக்கல் செய்ய வழி உண்டா என்று ஆடிட்டரிடம் கேட்பது நல்லது.

பயணச் செலவு எப்போது கழியும்?

வாடகை அல்லாமல், தொழிலாகவே நடத்தும் இடங்களில் கழியும். கல்யாண மண்டபம், லாட்ஜ் நடத்துகிறவருக்கு அது தொழில் வருமானம். தொழிலுக்காகப் போன பயணத்தை உரிய பில்லோடு செலவாகக் காட்டலாம். காலி மனையை வாடகைக்கு விட்டால், அது ‘இதர வருமானம்’. அந்த வருமானத்துக்காகவே முழுக்கச் செய்த செலவைக் கழிக்க இடம் உண்டு.

‘அப்படியானால் வீட்டு வாடகையையும் தொழில் என்று காட்டிவிடலாமே’ என்றால், அந்தக் கதவை 2024-ல் அடைத்துவிட்டார்கள். குடியிருக்கும் வீட்டைச் சொந்தக்காரர் வாடகைக்கு விட்டால், அது வீட்டுச் சொத்து வருமானம்தான் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள்.

அண்ணன் அலைகிறார்... தங்கைக்கும் பாதி

வரியைவிடப் பெரிய சிக்கல் வீட்டுக்குள் வருகிறது. அப்பாவின் வீடு அண்ணனுக்கும் தங்கைக்கும் சரிபாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். அண்ணன் சென்னையில், தங்கை அறந்தாங்கியில். வாடகை இருவருக்கும் பாதிப் பாதியாகப் போகிறது. நான்கு நடை போவது அண்ணன் மட்டும். முதல் வருடம் சொல்ல மாட்டார். இரண்டாம் வருடம் மனைவியிடம் சொல்வார். மூன்றாம் வருடம் ஏதாவது ஒரு விசேஷ வீட்டில் அந்தப் பேச்சு வெடிக்கும்.

“வாடகையில பாதி வாங்கத் தெரியுது, ஒரு தடவை எட்டிப் பார்க்கத் தெரியலையா?”

“நீங்க சொன்னாத்தானே அண்ணே தெரியும்? பக்கத்துலதானே இருக்கேன், நானே போய்ப் பார்த்திருப்பேனே...”

இதில் சட்டம் தலையிடாது. பங்கு தெளிவாக இருந்தால், ஒவ்வொருவரும் தன் பங்கு வாடகையைக் காட்டி, தன் பங்குக்கு 30 சதவிகிதம் கழித்துக்கொள்ள வேண்டும். மேலே சொன்ன கணக்கில் இருவருக்கும் தலா 49,000 ரூபாய். அலைந்தது யார் என்று வரித் துறை கேட்காது.

அதை வீட்டில்தான் பேசிக்கொள்ள வேண்டும். வழி சுலபம். வாடகை வந்ததும் பங்கு பிரிக்காமல், சொத்து வரி, ரிப்பேர், போக்குவரத்து மூன்றையும் முதலில் எடுத்துவிடுங்கள். 1,44,000-ல் 4,000 சொத்து வரி, 20,000 செலவு போனால் மிச்சம் 1,20,000. ஆளுக்கு 60,000. அண்ணன் போட்ட பணம் அண்ணனுக்குத் திரும்பிவிடும். இந்தப் பங்கீடு குடும்பத்துக்கு மட்டும். வரிக் கணக்கில் பழையபடி தலா 49,000-தான் காட்ட வேண்டும். இரண்டையும் கலந்துவிடக் கூடாது.

இதற்கு ஒரு நோட்டு போதும். தேதி, என்ன வேலை, எவ்வளவு செலவு. போனில் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. வரித் துறை கேட்காத ரசீதுதான். ஆனால், கூடப் பிறந்தவர்களுக்குள் மனக்கசப்பு வராமல் காப்பாற்றும் ரசீது அது.

அடுத்த முறை மோட்டார் ஓடவில்லை என்று போன் வந்தால், சென்னையில் பஸ் டிக்கெட் போடுவதற்கு முன் அறந்தாங்கிக்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள். முக்கால்வாசி வேலை அதிலேயே முடிந்துவிடும்.