கறுப்புப் பூஞ்சையும் கிளினிக் நாளின் பேரும்

முகம் ஒரு பக்கம் வீங்கினால் நம் லயங்களில் முதலில் சொல்வது பீனிசம், இல்லாவிட்டால் சூத்தைப் பல். ஆவி பிடித்து, தைலம் தேய்த்து, இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு மறுநாள் மலைக்குப் போய்விடுவோம். பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் சீனி வியாதி கட்டுப்பாடில்லாமல் ஏறி நிற்பவருக்கு, அந்த இரண்டு நாள் தாமதம் ஒரு கண்ணையோ உயிரையோ கொண்டுபோகலாம்.

2021இல் இந்தியாவில் 40 ஆயிரத்துக்கும் அதிகமானோரைத் தாக்கிய கறுப்புப் பூஞ்சையைத்தான் சொல்கிறோம். அவர்களில் மிகப் பலர் சீனி வியாதிக்காரர். கொரோனாவுக்காக ஸ்டீரொயிட் மருந்தும் எடுத்திருந்தார்கள். கொரோனாவோடு வந்து போன நோயல்ல இது. இந்தப் பூஞ்சை மண்ணிலும் உக்கிய இலையிலும் கூட்டெருவிலும் எப்போதும் உண்டு. மலையில் நிற்கும் நாம் அதைச் சுவாசித்தாலும் எதிர்ப்புச் சக்தி உள்ள உடம்பை அது பொதுவாக ஒன்றும் செய்வதில்லை. ஆளுக்கு ஆள் தொற்றவும் மாட்டாது. நோயாளியை லயத்தில் ஒதுக்கி வைக்கும் பேச்சே வேண்டாம்.

கட்டுக்கடங்காத சீனி, புற்றுநோய்ச் சிகிச்சை, சிறுநீரக மாற்று, நீண்டகால ஸ்டீரொயிட் என்று உடம்பு தளர்ந்தவர்களிடம்தான் அது மூக்கை ஒட்டிய எலும்பறைகளில் புகுந்து இரத்தக் குழாய்களை அடைக்கிறது. இரத்தம் ஓடாத சதை கறுத்துச் சாகிறது. பெயரிலுள்ள கறுப்பு அதுதான். அங்கிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் பரவச் சில நாட்கள் போதும்.

ஒரு பக்க முகவலி, வீக்கம், மரத்துப்போதல், கறுத்த சளி, அண்ணத்தில் கறுப்பு, திடீரென்று ஆடும் பல், இரண்டிரண்டாகத் தெரியும் பார்வை: சீனி உள்ளவருக்கு இதில் ஒன்று வந்தாலும் அன்றே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சீனி இருப்பதை டொக்டரிடம் முதலில் சொல்லுங்கள். செத்த சதையை வெட்டி அகற்றி, அம்போடெரிசின் மருந்தை ஊசி வழியாக ஏற்ற வேண்டிய நோய் இது. டிஸ்பென்சரி மாத்திரைக்கு அடங்காது.

ஆனால் தனக்குச் சீனி இருப்பதே தெரியாதவர் நம்மில் எத்தனை பேர்? கிளினிக் போனால் அன்றைய பேரும் போகிறது, பஸ் காசும் போகிறது. மருந்து தீர்ந்தாலும் அடுத்த மாதம் பார்ப்போம் என்கிறோம். இதை அலட்சியம் என்று கண்டிப்பவர்கள் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. அது நாட்கூலியின் கணக்கு.

ஆகவே நிர்வாகங்களிடம் கேட்கிறோம்: கிளினிக் அட்டை காட்டுபவருக்கு அன்றைய பேர் வேண்டும். ஒவ்வொரு தோட்ட டிஸ்பென்சரியிலும் சீனி பார்க்கும் வசதி வேண்டும். இரவிலும் வாகனம் வேண்டும்; கொழுந்து லொறி வரும்வரை இந்த நோயாளி காத்திருக்க முடியாது. தோட்டத் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இம்மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்பி வையுங்கள்.