ஓடுகிறவனின் தோள்

2023 நவம்பர் 12, இங்கே பிராங்பேர்ட்டில் நடந்த அமெரிக்கன் புட்போல் ஆட்டத்தைக் குசினி ரிவியில் பார்த்தோம். கோல்ட்ஸ் அணி 10–6 என்று பேட்ரியட்ஸை வென்றது. ஆனால் அவர்களின் இளம் குவாட்டர்பாக் அந்தனி றிச்சர்ட்சன் இல்லை. பந்தை எறிவதோடு, தானே கொண்டு ஓடுவதிலும் கெட்டிக்காரர். செப்டெம்பரில் ஓடித் தலையில் அடி. ஒக்டோபரில் ஓடித் தோளில் காயம், சத்திரசிகிச்சை. நாலே ஆட்டத்தோடு அந்த வருடம் முடிந்தது.

ஓடாதே என்று சொல்லலாமா? ஓட்டம்தானே அவர் பலம்! நெருக்கினால் தப்பி ஓடட்டும். ஆனால் ஓடவென்றே திட்டம்போட்டு அனுப்புவதைப் பயிற்சியாளர் குறைக்கவேண்டும்.

"நீதான் கெதியாய்த் தூக்குவாய்" என்று இருபது வருடமாய் அரிசி மூட்டையெல்லாம் எனக்குத்தான். எனக்கும் அது பெருமையாய்த்தான் இருந்தது. இப்போது குனிய ஏலாது. கெட்டிக்காரனை மிச்சம்பிடிக்கத் தெரியவேண்டியது வேலை வாங்குகிறவனுக்குத்தான்.