ஹீலலிகேயில் நிற்காத ரயில்

சென்ற மாதம் தங்கமணிக்கு வொயிட்ஃபீல்டில் வேலை கிடைத்தது. நல்ல சம்பளம். வேண்டாம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் இருப்பது சந்தாபுராவில். காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டரை. ஸ்கூல் பஸ்ஸிலிருந்து பையனை இறக்க யார் நிற்பது? நான் ஆபீஸில் ஆணி பிடுங்கிவிட்டு வருவதற்குள் அவன் தூங்கியிருப்பான். பெங்களூரில் நம்மாட்கள் பாதிப் பேர் வீட்டில் இதே கதைதான்.

எனக்கு வயிறு எரிவது வேறு ஒன்றுக்காக. எங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஹீலலிகே ஸ்டேஷன் இருக்கிறது. ஓசூரிலிருந்து வரும் சேலம் லைன். ஆனேக்கல் ரோடு, ஹீலலிகே, கார்மேலாரம், பெல்லந்தூர் ரோடு, பையப்பனஹள்ளி என்று ஐ.டி. கம்பெனிகளை உரசிக்கொண்டு போகிறது. மின்மயமான பாதை. காலையிலும் மாலையிலும் அரை மணிக்கு ஒரு லோக்கல் ரயில் விடுங்கள் என்றால், 'சாத்தியமா என்று ஆராய்கிறோம்' என்கிறார்கள்.

எத்தனை தரம் சாமி ஆராய்வீர்கள்? பெங்களூருக்குப் புறநகர் ரயில் என்ற பேச்சு 1980களிலேயே உண்டு. 2012-ல் ரைட்ஸ் அறிக்கை கொடுத்தது. 2020-ல் 148 கி.மீ., 15,767 கோடி ரூபாய் என்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2022 ஜூனில் அடிக்கல் நாட்டிய பிரதமர் 40 மாதத்தில் முடிப்போம் என்றார். அந்த 40 மாதம் 2025 அக்டோபரோடு போயிற்று. ஒரு ரயில்கூட ஓடவில்லை. அந்தத் திட்டத்திலும் நம் பக்கத்துப் பாதை ஹீலலிகேயோடு நின்றுவிடுகிறது. ஓசூரிலிருந்து தினமும் வருகிறவன் கணக்கிலேயே இல்லை.

ரயில்வே சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. பல காலம் ஒற்றைத் தடமாகக் கிடந்த பாதை. எக்ஸ்பிரஸும் கூட்ஸும் போக மிச்ச நேரம் கொஞ்சம்தான். ஆனால் அதற்குத்தானே இரட்டைத் தடம் போட ஆரம்பித்தார்கள்? புதுத் தடத்தில் முதல் உரிமை யாருக்கு என்று முடிவெடுப்பதற்குப் புது அறிக்கை எதற்கு? கண்ட நேரத்துக்கு ஒரு பாசஞ்சரை விட்டு, கூட்டமில்லை என்று எழுதி, அதனால் ரயில் வேண்டாம் என்பது எந்த ஊர்க் கணக்கு?

பஸ்ஸுக்கும் இதே கதிதான். 2010-ல் எலெக்ட்ரானிக் சிட்டி மேம்பாலம் திறந்தார்கள். பத்து கி.மீ. பறக்கலாம். பறந்து போய் சில்க் போர்டில் நிற்கலாம். பஸ்ஸுக்கென்று தனித்தடம் இல்லாமல் 'எக்ஸ்பிரஸ்' என்று போர்டு மாட்டினால் ஆச்சா? 2019-ல் அவுட்டர் ரிங் ரோட்டில் தனித்தடம் ஒதுக்கினார்கள். உருப்படியான காரியம். கொரோனா வந்தது, மெட்ரோ வேலை வந்தது, தடுப்புக் கம்பங்கள் காணாமல் போயின.

சென்னையில் 1931-லேயே மின்சார ரயில் விட்ட நாமும் யோக்கியமில்லை. 1995-ல் வந்த பறக்கும் ரயிலுக்கு அரண்மனை மாதிரி ஸ்டேஷன் கட்டினோம். வாசலில் பஸ் நிற்க இடம் பார்க்கவில்லை. பல வருஷம் காலியாகவே ஓடியது. ஹீலலிகேயில் ரயில் விட்டாலும் சந்தாபுராவிலிருந்து ஒரு மினி பஸ் வராவிட்டால் அதே கதைதான் நடக்கும்.

இப்போது பொம்மசந்திராவிலிருந்து ஓசூருக்கு மெட்ரோ என்கிறார்கள். இங்கே 750 வோல்ட், அங்கே 25,000 வோல்ட், ஒத்துவராது என்று 2025-ல் இங்கிருந்து பதில். அட, ரயில் மாறி ஏறிக்கொள்கிறோம் ஐயா! நாங்கள் மாறாத பஸ்ஸா?

போன ஞாயிற்றுக்கிழமை பையனைக் கூட்டிக்கொண்டு ஹீலலிகே ஸ்டேஷனுக்குப் போனேன். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு கூட்ஸ் வண்டி போயிற்று. பெட்டி எண்ணினான், நாற்பத்திரண்டு. "இதுல நாம ஏற முடியாதாப்பா?" என்றான்.