கடலில் கரைத்த பெருங்காயமா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த தம்பி ஒருவனைப் பார்த்தேன். கடற்கரையோரம் வீடுகள் கட்டி விற்கிறான். "கழிவுநீரை என்னப்பா செய்வீங்க?" என்று கேட்டேன். "கடல் பக்கத்துலதானே சார் இருக்கு! கடல்ல கரைச்ச பெருங்காயம், ஒண்ணும் ஆகாது" என்றான். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதில் என் தவறும் இருக்கிறது. நைட்ரஜன் சுழற்சி என்று கரும்பலகையில் நான் வரைந்ததெல்லாம் மின்னல், மாடு, அவரைச் செடியின் வேர் முடிச்சு, மட்கும் இலை. கடலை ஒரு நாளும் வரைந்ததில்லை. அந்தப் பாடத்தை இன்று முடிக்கிறேன்.

கண்ணுக்குத் தெரியாத தாவர மிதவை உயிரிகள்தான் கடலின் புல்வெளி. புரதம் உண்டாக்க அவற்றுக்கு நைட்ரஜன் வேண்டும். காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன் இருந்தாலும் பெரும்பாலானவற்றால் அதை நேரடியாக எடுக்க முடியாது. நைட்ரேட், அம்மோனியம், யூரியா ஆகியவற்றைத்தான் உறிஞ்சும். நைட்ரேட்டைப் பயன்படுத்த ஆற்றலைச் செலவழிக்க வேண்டும். அம்மோனியம் சமைத்து வைத்த சோறு மாதிரி. சாக்கடையில் வருவது பெரும்பாலும் அதுதான்.

எடுத்த நைட்ரஜன் அங்கேயே தங்குவதும் இல்லை. உயிரோடு இருக்கும்போதே மிதவைகள் கொஞ்சம் கசியவிடும். அவற்றைத் தின்னும் சிற்றுயிர்கள் அம்மோனியமாகக் கழிக்கும். செத்தவற்றை பாக்டீரியா சிதைத்து மறுபடி நீரில் விடும். அடுத்த மிதவை அதை எடுத்துக்கொள்ளும். ஆக, கரைந்தது காணாமல் போவதில்லை, கைமாறிக்கொண்டே இருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. மிதவை உயிரிகளின் உடலில் சராசரியாக 106 கார்பன் அணுவுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ். இது ரெட்ஃபீல்டு என்ற விஞ்ஞானியின் பெயரால் வழங்கும் விகிதம். மற்ற சத்துகள் போதிய அளவு இருந்தால், 1 கிலோ நைட்ரஜனைக் கொண்டு சுமார் 5.7 கிலோ கார்பன் உள்ள மிதவைகள் வளரும். அவை செத்து முழுதாகச் சிதைய ஏறக்குறைய 20 கிலோ ஆக்சிஜன் தேவை. நம் வெதுவெதுப்பான கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 6 மில்லிகிராம்தான் ஆக்சிஜன். வகுத்துப் பாருங்கள், 33 லட்சம் லிட்டர் நீரில் உள்ள மூச்சுக்காற்று! ஒரு மனிதர் ஆண்டுக்குக் கழிப்பது ஏறக்குறைய 4 கிலோ நைட்ரஜன். அந்தத் தம்பி கட்டும் வீடுகளில் எத்தனை பேர் குடியிருப்பார்கள்?

"அலை ஆக்சிஜனைக் கலக்கிவிடுமே" என்பீர்கள். கலக்கும்தான். காற்று அடங்கி நீர் அசையாமல் நிற்கும் நாட்களில்தான் ஆபத்து. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு வயல் உரத்தை மெக்சிகோ வளைகுடாவில் கொண்டுபோய்க் கொட்டுகிறது. கோடைதோறும் அங்கே அடிநீரில் மூச்சு முட்டுகிறது. 2017-ல் அந்தப் பரப்பு சுமார் 22,700 சதுர கிலோமீட்டர்.

நம் பக்கம் பாருங்கள். 2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக ஒளிர்ந்தபோது, நீங்கள் அத்தனை பேரும் "இயற்கையின் அதிசயம்" என்று எனக்கு வீடியோ அனுப்பினீர்கள். அது நாக்டிலூகா என்ற நுண்ணுயிர். அடுத்த மாதமே மன்னார் வளைகுடாவில் அதே இனம், அங்கே பூங்கோரை என்பார்கள், பெருகி நீர் பச்சையானது. மீன்கள் செத்து ஒதுங்கின. அந்த வீடியோவை ஒருவரும் அனுப்பவில்லை. நாக்டிலூகா மற்ற மிதவைகளைத் தின்னும், உடலில் அம்மோனியத்தைச் சேர்த்து வைக்கும், சாகும்போது நீரில் விடும். அந்தப் பெருக்கத்துக்குச் சாக்கடை மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. நீரோட்டமும் வெயிலும் சேர வேண்டும். ஆனால் தீனி போடுகிற கை நம்முடையதாக இருக்கக் கூடாது.

தம்பி, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். சுத்திகரிப்பு நிலையம் வைப்பதோடு நிற்காதே. சாதாரண நிலையம் அழுக்கைக் குறைக்கும், நைட்ரஜனை நீக்கத் தனிக் கட்டம் வேண்டும். உன் திட்டத்தில் அது இருக்கிறதா என்று உன் இன்ஜினியரிடம் கேள். ஊரில் வயல் வைத்திருக்கும் சொந்தங்களே, யூரியாவை அளந்து போடுங்கள், மிச்சம் வாய்க்கால் வழியே கடலுக்குத்தான் போகிறது.

பெருங்காயப் பழமொழி பெருங்காயத்துக்குச் சரி. நைட்ரஜனுக்குச் சொல்லாதீர்கள். கரையில் வலையோடு நிற்பவர் வெறும் கையோடு வீடு திரும்பக் கூடாது.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்