தண்ணி கூலருக்குக் காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க



கோயில் விஷயம் போடுற இடத்துல கம்பியூட்டர் கதை எதுக்குன்னு கேப்பீங்க. ரெண்டு வாரமா அன்னதான வரிசையில நின்னாலும் இதே பேச்சு, செருப்பு விடுற இடத்துலயும் இதே பேச்சு. "பையன் கம்பியூட்டருக்குத் தண்ணி கூலிங் போடணுங்கிறான், கடையில அறுநூறு வெள்ளி கேக்குறாங்க, போடலாமா?" இதுக்கு நடுவுல நம்ம வாட்சாப் குழுவுல ஒரு அண்ணன், "நம்ம நாடு வெயில் நாடு, காத்தாடி பத்தாது, தண்ணி கூலிங் கட்டாயம்"னு எழுதிட்டார். கீழே வரிசையா கும்பிடு படம். அண்ணன் மேல எங்களுக்குக் கோபம் இல்லை. அவர் எழுதினது தப்பு, அதைச் சொல்லாம விட்டா நம்ம சனங்களோட ஓ.டி. காசு போகும். அதான் எழுதுறோம்.

எங்க தொண்டர் குழுவுல பாதிப் பேர் ஃபேக்டரி ஆளுங்க. பிளாஸ்டிக் மோல்டிங் மெஷினுக்குத் தண்ணி ஓடுறதைத் தினமும் பார்க்கிறவங்க. அங்கே தண்ணி சில்லுன்னு இருக்குன்னா அதுக்குக் காரணம் சில்லர். அதுல கம்ப்ரஸர் இருக்கு, வீட்டு ஐஸ்பெட்டி மாதிரி. கம்பியூட்டருக்கு விக்கிற தண்ணி கூலர்ல கம்ப்ரஸர் கிடையாது. புராசஸர் மேல ஒரு செம்புத் தட்டு, ஒரு சின்ன பம்ப், ரெண்டு குழாய், ஒரு ரேடியேட்டர், அதுல காத்தாடி. அவ்வளவுதான். தண்ணி சூட்டைச் சுமந்துக்கிட்டுப் போய் ரேடியேட்டர்ல இறக்கி வைக்குது. அந்தச் சூட்டைக் கடைசியில வெளியே தள்ளுறது அதே காத்துதான், அதே காத்தாடிதான். உங்க காடி ரேடியேட்டரும் இப்படித்தான் வேலை செய்யுது.

அப்போ வெயில் நாடுங்கிற வாதம் என்ன ஆச்சு? ஹால்ல 32 டிகிரின்னா காத்து கூலருக்கும் 32 டிகிரி காத்துதான், தண்ணி கூலருக்கும் 32 டிகிரி காத்துதான். ரெண்டுமே அதுக்குக் கீழே இறக்க முடியாது. வெயில் ரெண்டுக்கும் பொது. தண்ணின்னு பேர் கேட்டவுடனே நமக்கு ஆத்துல முங்கின ஞாபகம் வருது, கடைக்காரர் அதைத்தான் விக்கிறார்.

இனி உங்க வீட்டு மெஷின்ல எவ்வளவு சூடு வருதுன்னு பாருங்க. பிள்ளைங்க படிப்புக்கு வாங்குற மெஷின்ல பெரும்பாலும் இன்டெல் ஐ5-12400 இல்லைன்னா ரைசன் 5 5600 மாதிரி புராசஸர் இருக்கும். ரெண்டும் 65 வாட் கணக்குல செஞ்சது. இன்டெல் முழு வேகத்துல ஓடினாலும் உச்சம் 117 வாட். பழைய குண்டு பல்பு ரெண்டு எரியுற சூடு, அவ்வளவுதான். பெட்டியோட வாங்கினா கம்பெனியே காத்தாடி கூலரும் வச்சுத் தருது. சத்தம் பிடிக்கலைன்னா இருநூறு வெள்ளிக்குள்ளே நல்ல டவர் கூலர் கிடைக்கும். இதுக்கு எதுக்கு அறுநூறு வெள்ளி?

புராசஸர் பேரைக்கூடக் கேக்காம தண்ணி கூலர் எடுத்து நீட்டுற கடை, உடம்பைத் தொட்டுப் பார்க்காம ஊசி போடுற டாக்டர் மாதிரி. இப்படி ஒரு கடையில நம்ம கோயிலுக்கு வர்ற அக்கா ஒருத்தங்ககிட்ட, மாட்டுற கூலியோட சேர்த்து 580 வெள்ளி கேட்டிருக்காங்க. ஆபீஸ் கூட்டிப் பெருக்குற வேலை அவங்களுக்கு. மகன் போலிடெக்னிக்ல படிக்கிறான். மெஷின் விமானம் மாதிரி சத்தம் போடுது, பாடம் செய்யும்போது இழுத்துக்கிட்டு நிக்குது. ஆடி மாச உபயத்துக்கு எடுத்து வச்ச காசைக் கொடுத்துடலாமான்னு கேட்டாங்க. முதல்ல பார்க்கிறோம், அப்புறம் சொல்றோம்னு போனோம்.

வீட்டுல சாமி மேடைக்குக் கீழேயே கம்பியூட்டர். பக்கத்துத் தகட்டைக் கழட்டினா காத்தாடி தெரியலை. தினமும் ரெண்டு வேளை சாம்பிராணி, ஊதுபத்தி, கற்பூரம். அந்தப் புகை எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி படிஞ்சு, அது மேல தூசி ஒட்டி, கூலர் தகடுகளுக்கு நடுவுல கம்பளி நெய்து வச்ச மாதிரி அடைச்சிருந்தது. காத்து போக வழியே இல்லை. பிரஷ், காத்தடிக்கிற டப்பா, பதினைஞ்சு வெள்ளிக்கு ஒரு தெர்மல் பேஸ்ட். முக்கால் மணி நேர வேலை. முழு வேலை கொடுத்துப் பார்த்தா முன்னாடி 96 டிகிரி, இப்போ 74. சத்தமும் போச்சு. மெஷினைத் தூக்கி எதிர்ச் சுவர்ப் பக்கம் வச்சுட்டு வந்தோம்.

அந்த இடத்துல தண்ணி கூலர் மாட்டியிருந்தா என்ன ஆகியிருக்கும்? ரேடியேட்டர் இதழ்கள் காத்து கூலரைவிட நெருக்கமானது. அதே சாம்பிராணி அதையும் அடைச்சிருக்கும். சாமிக்குப் புகை போடுறதை நிறுத்துங்கன்னு நாங்க சொல்ல மாட்டோம், சொன்னா எங்களையே கோயிலை விட்டுத் துரத்துவீங்க! மெஷினைத் தள்ளி வைங்க, மூணு மாசத்துக்கு ஒரு தடவை தூசி தட்டுங்க.

தண்ணி கூலரே ஏமாத்து வேலைன்னு நாங்க சொல்லலை. கசிஞ்சு வீடே எரிஞ்சிடும்னு பயமுறுத்துறவங்களோடவும் நாங்க இல்லை. கசிவு அபூர்வம். ஐ9-14900கே மாதிரி புராசஸர் 253 வாட் வரைக்கும் இழுக்கும். அதுல வீடியோ வேலை, முப்பரிமாண வரைபட வேலைன்னு மணிக்கணக்கா ஓட்டுற தம்பிங்களுக்கு 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் போட்ட தண்ணி கூலர் நியாயமான செலவு. பெட்டி ஒடுக்கமா இருந்து உயரமான டவர் கூலர் உள்ளே போகலைன்னாலும் யோசிக்கலாம். ஆனா 120 மில்லிமீட்டர் சின்ன ரேடியேட்டரை மட்டும் வாங்காதீங்க. அந்த விலைக்கு நல்ல காத்து கூலரே அதைவிட நல்லா வேலை செய்யும்.

வாங்குறதுன்னா உங்க பெட்டியில அந்த நீள ரேடியேட்டர் மேல் பக்கம் உக்காருமா, ரேம்ல இடிக்குமான்னு அளந்து பாருங்க. சாக்கெட் பொருந்துதான்னு கேளுங்க. எல்ஜிஏ1700க்கும் அதுக்கு முந்தின எல்ஜிஏ1200க்கும் திருகு ஓட்டை இடம் வேற, அதுக்கு ஏத்த கிளாம்ப் கூடவே வரணும். வாரண்டி எத்தனை வருஷம்னு எழுதி வாங்குங்க. இதுல பம்ப் ஒரு நாள் நிக்கும், குழாய் வழியா தண்ணியும் வருஷக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமா ஆவியாகும். பெரும்பாலானதைத் திறந்து ஊத்தவும் முடியாது. காத்து கூலர்ல காத்தாடி செத்தா முப்பது, நாப்பது வெள்ளிக்கு வேற காத்தாடி. இதுல பம்ப் செத்தா மொத்தத்தையும் குப்பையில போடணும்.

மாட்டும்போது செம்புத் தட்டுல ஒட்டியிருக்கிற பிளாஸ்டிக் தாளை உரிங்க. சிரிக்காதீங்க, உரிக்காம மாட்டிட்டு நூறு டிகிரின்னு தலையில கை வச்சவங்க இருக்காங்க. பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். நாலு திருகையும் காடி டயர் நட்டு மாதிரி எதிரெதிரா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்குங்க. ரேடியேட்டரைப் பெட்டி மேல் பக்கம் வச்சு, காத்து மேலே வெளியே போற மாதிரி காத்தாடியைத் திருப்புங்க. முன்பக்கம்தான் இடம்னா ரேடியேட்டரோட மேல் விளிம்பு பம்பைவிட உயரமா இருக்கணும். உள்ளே இருக்கிற கொஞ்சம் காத்து எப்பவும் உயரமான இடத்துக்குத்தான் ஓடும். அந்த உயரமான இடம் பம்பா இருந்தா அது காத்தைக் குடிச்சுக் களகளன்னு கத்தி, சீக்கிரம் போயிடும். ஃபேக்டரியில தண்ணி பம்ப் வச்சு வேலை பார்த்த யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வாங்க. கடையில வேலை பார்க்கிற தம்பி இதைத் தப்பா மாட்டினா உடனே கழட்டி மாட்டச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. காசு உங்களது. பம்ப் ஒயரை அதுக்குன்னு போர்டுல இருக்கிற பின்ல சொருகி முழு வேகத்துல ஓட விடுங்க. சிபியு ஃபேன் பின் காலியா இருந்தா மெஷின் திறக்கும்போதே பல போர்டுல எர்ரர் காட்டும். அதைப் பார்த்துப் புது போர்டு வாங்கிடாதீங்க.

காசு கட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு படம் எடுத்து எங்களுக்கு அனுப்புங்க. ஒண்ணு புராசஸர் பேர். இன்னொண்ணு கோர் டெம்ப்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதை ஓட விட்டுப் பையன் வேலை செய்யும்போது காட்டுற டிகிரி. வெள்ளிக்கிழமை சாயங்காலப் பூசை முடிஞ்சதும் அன்னதானக் கூடத்துப் பின்பக்கம் இருப்போம். மெஷினையே தூக்கிட்டு வந்தாலும் சரி. பிரஷும் பேஸ்ட்டும் எங்ககிட்ட இருக்கு, கூலி வேண்டாம். புகையும் தூசியும் பறக்கும், அதனால வேட்டி கட்டுன தம்பிங்க மட்டும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க.